பூட்டு திறந்ததும் கை தட்டுனது அவ்வளவு பெரிய குத்தமா?

இந்த வாரம் பூரா அந்த 20 செகண்ட் வீடியோ தான் எல்லா டாக்டர்ஸ் குரூப்லயும் ஓடுது. எங்க மெடிக்கல் காலேஜ் பசங்க பொம்மை நோயாளி பக்கத்துல நின்னு ஒரு பொட்டிய திறந்துட்டு குதிக்கிறாங்க, கை தட்டுறாங்க, அவ்ளோதான். அதுக்குக் கீழ "நாளைக்கு இவங்க கையில தான் நம்ம உசுரா", "இது மெடிக்கல் காலேஜா பொருட்காட்சியா"ன்னு கமெண்ட். எழுதுனவங்கள்ல என்கூட படிச்சவங்களும் இருக்காங்க. பாம்புக்கடி கேஸ வச்சு அந்த பயிற்சி செஷன நடத்துனது நான்னு தெரிஞ்சே எழுதியிருக்காங்க.

அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எஸ்கேப் ரூம், அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள புதிர அவுத்து பூட்ட திறக்குற ஆட்டம், 2007ல ஜப்பான்ல கியோட்டோவுல விளையாட்டா ஆரம்பிச்சது தான், யாரு இல்லேன்னா. நாங்க எடுத்துக்கிட்டது அதோட அமைப்ப மட்டும். 6 பேரு, 30 நிமிஷம், ஒரு கேஸ். விடியக்காலை 4 மணிக்கு வயித்துவலி, வாந்தின்னு வந்த ஆளு, உடம்புல கடிச்ச தடமே இல்ல. கூட வந்த அண்ணனா ஒரு ஹவுஸ் சர்ஜன் நடிச்சாரு, கேட்டா மட்டும் தான் பதில் சொல்லணும்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தோம். "நைட்டு எங்க படுத்திருந்தாரு?"ன்னு யாராவது கேட்டா "தரையில தான், பாய் போட்டு"ம்பாரு, முதல் சாவி கைக்கு வரும். தரையில தூங்குறவங்கள ராத்திரில கட்டுவிரியன் கடிச்சா தடமே தெரியாம போகலாம், வயித்துவலியோட தான் வருவாங்க. கேக்கலேன்னா கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது வயித்துப்புண்ணுன்னு எழுதி வச்சுட்டு சுத்திக்கிட்டே இருக்க வேண்டியது தான்.

அடுத்து, பாம்பு விஷம் ரத்தத்த உறைய விடாம பண்ணியிருக்கான்னு பாக்குற 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட். புது கண்ணாடி டியூப், கழுவி வச்ச பழைய டியூப், பிளாஸ்டிக் டியூப்னு மூணு இருக்கும், சரியானத எடுத்து முதல் 10 நிமிஷத்துக்குள்ள ஊத்தி வைக்கலேன்னா ரிசல்ட் கார்டு கிடைக்காது. கார்டுல "உறைஞ்சிருக்கு"ன்னு வரும், அங்க தான் பாதி டீம் கவுந்துடும், உறைஞ்சிருக்கே அப்ப விஷம் ஏறலன்னு முடிவு பண்ணிடுவாங்க. கட்டுவிரியன் விஷம் நரம்பத்தான் தாக்கும், அது கடிச்சா ரத்தம் உறையத்தான் செய்யும், கண் இமை தொங்குதான்னு பாக்கணும், மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும்.

கடைசி பூட்டுக்கு நாலு நம்பர். பெரியவருக்கு முதல்ல எத்தன குப்பி விஷமுறிவு மருந்து, அதே கடி 8 வயசு குழந்தைக்குன்னா எத்தன. 1005ன்னு வச்சா திறக்காது, 1010 தான். பாம்பு குழந்தைன்னு பாத்து விஷத்த குறைச்சு விடறதில்ல. வீடியோவுல சிரிக்கிற அந்த பொண்ணு பூட்டோட மல்லுக்கட்டி, டீம்ல மத்தவங்க கூட சண்ட போட்டு, 1010 வச்சு திறந்துச்சு. அப்ப தான் சிரிச்சுச்சு. நீங்க பாத்தது அந்த சிரிப்ப மட்டும்.

அதுக்கப்புறம் முக்கா மணி நேரம் உக்காந்து யாரு எங்க எதுக்கு தடுமாறினோம்னு பேசினோம், அத யாரும் வீடியோ எடுக்கல.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான். தப்பு பண்றதுக்கு பசங்களுக்கு ஒரு இடம் வேணும், அந்த இடம் நோயாளியோட உடம்பா இருக்கக் கூடாது.

"நாங்கல்லாம் வார்டுல நின்னு தான் கத்துக்கிட்டோம்"னு ஒரு சீனியர் எழுதியிருந்தாரு. சார், நானும் வார்டுல தான் கத்துக்கிட்டேன். என் ஹவுஸ் சர்ஜன் காலத்துல கேஷுவால்டில இதே மாதிரி ஒருத்தர் விடியக்காலைல வந்தாரு. டியூட்டில இருந்த பிஜி, அதாவது மேல்படிப்பு படிக்கிற டாக்டர், அல்சர்னு முடிவு பண்ணி ஊசி போட்டு ஓரமா படுக்க வச்சுட்டாரு. மருந்து ஏத்த வந்த சிஸ்டர் தான் "சார், இவரு கண்ண முழுசா திறக்க மாட்டேங்குறாரு, களத்துல படுத்திருந்தாராம்"னு சொன்னாங்க. "உங்க வேலைய பாருங்க சிஸ்டர்"னு பதில் வந்துச்சு. அவங்க விடல, போய் உதவிப் பேராசிரியர் சாரையே எழுப்பி கூட்டிட்டு வந்துட்டாங்க. அதுக்குள்ள அவருக்கு மூச்சு விட முடியல, டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சு பொழச்சாரு. அந்த பிஜிக்கு பாடம் தெரியாதா? பரிட்சைல கேட்டிருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பாரு. கூட நிக்குறவங்க சொல்றத காது குடுத்து கேக்கத்தான் யாரும் பழக்கல. அந்த 30 நிமிஷத்துல நாங்க பழக்குறது அதத்தான்.

டூவீலர் லைசென்ஸுக்கே எட்டு போட்டு காட்டச் சொல்றோம், இதுக்கு மட்டும் நேரா ரோட்டுல இறக்கி விடணுமா?

இது மனசுல நிக்கும்னு ஆதாரம் இருக்கான்னு ஒரு கேள்வி. வெளிவந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் மாணவர்களுக்கு புடிச்சிருக்கு, உடனே வச்ச டெஸ்ட்ல மார்க் கூடுதுங்கிற அளவு தான் இருக்கு, ஒத்துக்கறேன். அப்ப ஸ்லைடு வாசிக்கிற லெக்சர் மனசுல நிக்கும்னு ஆதாரம் இருக்கா? அத மட்டும் ஏன் யாரும் கேக்குறதில்ல?

250 பேரு பேட்ச்சுக்கு 6 பேரா எப்படி நடத்துவன்னு கேட்டவங்களுக்கு, ஆமா கஷ்டம் தான். டிபார்ட்மெண்ட்ல இருக்குற ஆளு பத்தாது. நான் லீவு நாள்ல வந்து நடத்துறேன், பூட்டு, பொட்டி எல்லாம் என் காசு. இத பெருமைக்கு சொல்லல, 2019ல திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்துச்சு, பொம்மைய வச்சு பழகுற ஸ்கில்ஸ் லேப் கட்டாயம்னு சொன்னாங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் திறக்குற லேப் எத்தன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பூட்டிக் கிடந்தப்ப யாரும் வீடியோ போடல. ஒருத்தி அத திறந்து பசங்கள உள்ள விட்டா தான் எல்லாருக்கும் கோவம் வருது.

இந்தியாவுல 2000லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால வருஷத்துக்கு சராசரியா 58,000 பேரு செத்திருக்காங்கன்னு மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்துக்காரங்க, விவசாயக் கூலிங்க. நாளைக்கு அந்த பொண்ணு ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி டியூட்டில தனியா இருக்கப் போகுது, வர்றவங்ககிட்ட "தரையில படுத்தாரா"ன்னு அது கேக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா உங்க கமெண்ட படிச்சிட்டு ரெண்டு நாளா அது கிளாஸுக்கு வரல. ஹாஸ்டல்ல போய் பாத்தேன். "மேம், நான் சிரிச்சிருக்கக் கூடாதுல்ல"ன்னு கேக்குது. என்ன பதில் சொல்லணும்னு கமெண்ட் போட்டவங்களே சொல்லுங்க. 20 வயசு பொண்ணு சரியான டோஸ கண்டுபுடிச்சிட்டு சிரிச்சதுக்கு இவ்ளோ பேரு சேந்து அடிக்கணுமா?

அடுத்த பேட்ச்சுக்கு பூச்சிமருந்து குடிச்ச கேஸ் வச்சிருக்கேன். கண்மணி விரிஞ்சதும், அந்த விஷத்துக்கு குடுக்குற அட்ரோபின் மருந்த நிறுத்திடுவாங்களா, இல்ல நெஞ்சுல ஸ்டெத் வச்சு சளி சத்தம் போயிடுச்சான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுவாங்களான்னு பாக்கப் போறேன். கமெண்ட் போட்ட யாரு வேணாலும் வரலாம், போன வெளியில வச்சுட்டு வந்து கடைசி வரைக்கும் உக்காரணும், அது மட்டும் தான் கண்டிஷன்.