பேக் அழுத்தினால் பின்னால்தான் போக வேண்டும்

ஒரு ஆப்பில் ஃபார்ம் நிரப்பும்போது பேக் அழுத்தியதும் எழுதியது எல்லாம் போய்விட்டது என்று ஒருவர் போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஃபார்மை நிரப்பும்போது பேக் அழுத்தக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோமே" என்று ஆப்காரர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே வந்து "படிக்காமல் அழுத்தியது உங்கள் தப்பு" என்று எழுதி லைக் வாங்கினார்களே, அவர்களைப் பார்த்துத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பேக் அழுத்தினால் ஒரு படி பின்னால் போக வேண்டும். கீபோர்டு திறந்திருந்தால் கீபோர்டு மூட வேண்டும். மூன்றாம் பக்கத்தில் இருந்தால் இரண்டாம் பக்கம் வர வேண்டும், அதில் நிரப்பியது நிரப்பியபடியே இருக்க வேண்டும். ஆப்பை விட்டே வெளியே தள்ளி, எழுதியதை எல்லாம் அழிப்பதற்குப் பெயர் பேக் இல்லை.

முதலில் ஒன்று. இப்போது பாதிப் பேர் பேக்கை அழுத்துவதே இல்லை. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, ஜெஸ்ச்சர் (பட்டனுக்குப் பதில் விரலால் இழுக்கும் முறை) வைத்திருக்கும் போனில் ஸ்க்ரீனின் இடது ஓரமோ வலது ஓரமோ, எதிலிருந்து உள்ளே இழுத்தாலும் அது பேக்தான். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் டைப் செய்து பாருங்கள். ஓரத்தில் விரல் கொஞ்சம் இழுபட்டால் போதும், கதை முடிந்தது. இதில் "அழுத்தக்கூடாது" என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

என் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது, வேறொரு ஆப்பில். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதற்காக உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி பெயர், முகவரி, பழைய மருந்துகள் எல்லாம் போட்டார். கடைசிப் பக்கத்தில் விரல் ஓரத்தில் பட்டது. எல்லாம் போய் ஹோம் ஸ்க்ரீன் வந்து நின்றது. அம்மா ஆப்பைத் திட்டவில்லை. "நான் எதையோ கெடுத்துட்டேன் போல" என்று போனை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு எந்த ஃபார்மையும் அவர் தொடுவதில்லை.

"பணம் கட்டும்போது பேக் போக விட்டால் ஆபத்தாச்சே" என்பீர்கள். சரி, நியாயம்தான். அந்த ஒரு இடத்தில் நிறுத்தி, "வெளியேறவா?" என்று கேளுங்கள். யார் வேண்டாம் என்றது? "ஐபோனில் பேக் பட்டனே கிடையாதே" என்று ஒருவர். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே இடது ஓரத்திலிருந்து இழுத்தால் முந்தைய பக்கம் வருகிறது ஐயா, பயன்படுத்திப் பாருங்கள். "டெவலப்பர்களுக்கு நேரமில்லை" என்பதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. வெளியே போக பேக் அழுத்தினால் "எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று பாப்-அப் வருகிறது, "போகாதீர்கள், சலுகை இருக்கிறது" என்று இன்னொன்று வருகிறது. அதையெல்லாம் எழுத நேரம் இருந்திருக்கிறதே! பேக்கைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். தங்களுக்கு லாபம் என்றால் நிறுத்துகிறார்கள், நம் உழைப்பு போகிறது என்றால் விட்டுவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு 13-லிருந்து, பேக் போனால் எங்கே போகப் போகிறோம் என்பதை விரலை எடுப்பதற்கு முன்பே காட்டும் வசதியை ஆப்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வசதிகூட வேண்டாம், நிரப்பியதைச் சேமித்து வைத்தாலே போதும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. எழுதியது எல்லாம் போய்விட்டதே என்றுதான் சொன்னார். "அடுத்த அப்டேட்டில் சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி எழுத இத்தனை பேருக்கு மனம் வரவில்லை. "போன் பயன்படுத்தத் தெரியவில்லையா" என்று கேட்க மட்டும் வந்துவிட்டார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே எதைத் தொட்டாலும் பயந்துகொண்டு, சின்ன வேலைக்கும் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

"வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று கமெண்ட் எழுத வருபவர்கள் தயவுசெய்து வராதீர்கள். நீக்கிவிடுவேன்.