கோவிட் காலத்துக்கு முன்பே வந்த தானியங்கிக் கருவிகள்

நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் 2020 வரை எல்லாமே கைவேலைதான், கோவிட் வந்த பிறகுதான் தானியங்கிக் கருவிகள் நுழைந்தன என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. கோவிட் காலத்தில், கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் கருவிகள் பெருகியது உண்மை. ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிலேண்ட் (DeLand), வாக்னர் (Wagner) இருவரும் ரத்தத்தில் பாக்டீரியா வளர்வதைத் தானாகவே கண்டறியும் முறையை 1970-லேயே வெளியிட்டுவிட்டார்கள். நோயாளியின் ரத்தத்தை ஒரு குப்பியில் விடுவார்கள்; அதில் உள்ள ஊட்டத்தில் கதிரியக்கக் கார்பன்-14 கலந்திருக்கும். பாக்டீரியா அதைத் தின்றால் கதிரியக்கமுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். கருவி அந்த வாயுவை உறிஞ்சி அளக்கும். பாக்டீரியா வளர்ந்து குப்பியில் உள்ள திரவம் கலங்குகிறதா என்று யாரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வழியில் வந்ததுதான் பாக்டெக் கருவி. கதிரியக்கக் கழிவு பெரிய தலைவலி என்பதால், பின்னாளில் அகச்சிவப்பு, ஒளிர்வு உணரிகளுக்கு மாறினார்கள். அதெல்லாம்கூடப் போன நூற்றாண்டுக் கதைதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் இவர்கள் இருவரின் பெயரையும் 1970 என்ற ஆண்டையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பயனர் கணக்கு தேவையில்லை, இலவசம். கட்டுரையின் தலைப்பிலேயே ‘தானியங்கி’ என்ற பொருள் தரும் சொல் இருக்கும். அப்புறம், 2020-க்கு முன் வந்த மருத்துவ நுண்ணுயிரியல் பாடநூல் எதிலாவது ரத்த வளர்ப்பு (blood culture), அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, பற்றிய பகுதியையும் புரட்டிப் பாருங்கள்.