சந்தா கட்டுங்கள், விளம்பரம் வாங்கச் சொல்லாதீர்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு பத்திரிகை வரும். தற்சார்பு வாழ்க்கை பற்றிய சிற்றிதழ். கருப்பு வெள்ளைதான், விளம்பரம் ஒன்றுகூட இருக்காது. இந்த முறை இதழோடு ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. சந்தா போதவில்லை, அடுத்த இதழ் வருவது சந்தேகம் என்று.

ஊர் வாட்ஸப் குழுவில் சொன்னேன். "பேசாம பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்க" என்றார் ஒருவர். "ரிசார்ட்காரங்ககிட்ட விளம்பரம் வாங்கலாமே" என்றார் இன்னொருவர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் வருஷா வருஷம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நட்டவள்தான். எங்கள் மலையில் கண்ட இடத்தில் மரம் நடுவது கேடு என்று முதன்முதலாக இந்தப் பத்திரிகையில்தான் படித்தேன். மேல் நீலகிரி என்பது புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் சோலைக் காடு. பெய்கிற மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்லும் சதுப்பும்தான். அதை வெறும் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சீகையும் (வாட்டில் மரம்), கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். விறகுக்கு, தோல் பதனிட, பிற்பாடு ரேயான் நூல் செய்யும் மரக்கூழுக்கு.

சரி, வெட்டிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி முளைத்துக்கொண்டு வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கன்றை வேரோடு பிடுங்க வேண்டும். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. மலையிலேயே இருக்கும் எங்களுக்கு அதைச் சொன்னதும் இந்த இதழ்தான்.

நடுப்பக்கத்தில் ஒரு படம். ஒரு கை, அதில் பிடுங்கிய சீகைக் கன்று, வேரில் ஈர மண். அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தானே நாங்க ஊத்துக்கு மேல வரிசையா நட்டோம்" என்றார். அந்த ஊற்று இப்போது மாசியிலேயே வற்றிவிடுகிறது. அடுத்த ஞாயிறு ஆறு பேர் மேலே ஏறினோம். மதியம் வரை பிடுங்கியும் ஒரு மூலைதான் முடிந்தது. முன்னால் போனது அம்மா.

அம்மா போனில் படிக்க மாட்டார். எங்கள் பிரதி ஏழு வீடு சுற்றித் திரும்பும்போது பக்க ஓரங்களில் பச்சைத் தேயிலை பறித்த விரல்களின் கறை இருக்கும். பிடிஎஃப் எந்த வீட்டுத் திண்ணையில் கிடக்கும்?

விளம்பரம் வேண்டவே வேண்டாம். சரிவை வெட்டி ரிசார்ட் கட்டினால் மண் எப்படிச் சரிகிறது என்று இதே பத்திரிகை நான்கு பக்கம் எழுதியது. அவர்களிடமே காசு வாங்கிவிட்டு அடுத்த முறை அதை எழுத முடியுமா?

அச்சுக்கூலி ஒரு பக்கம். 2024 டிசம்பரில், புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் சேவை நிறுத்தப்பட்டது, அப்புறம் தபால் செலவும் சிற்றிதழ்களின் கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு வருஷச் சந்தா, குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் ஒரு வேளை சாப்பிடும் செலவுகூட ஆகாது.

அம்மா பெயரில் இரண்டாவது சந்தா கட்டிவிட்டேன். முகவரி வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், இன்றைக்கே அனுப்புகிறேன்.