ஆன்மாவைப் பிடித்து வைக்கும் வாள்

மிகுபுனைவுக் கதைகள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு: அங்கே சாவுக்கு மதிப்பில்லை. ஒருவர் இறந்து நான்கு அத்தியாயங்கள் கழிவதற்குள் யாராவது மந்திரம் சொல்லி எழுப்பிவிடுகிறார்கள். அவருக்காக நாம் வருந்தியதெல்லாம் வீணாகிவிடுகிறது. ஆன்மாவைப் பிடித்து வைக்கும் வாள் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்தால் இந்தக் குறை தீரும் என்பது என் எண்ணம். ஆனால் பலரும் அதை நேர்மாறான வேலைக்கே பயன்படுத்துகிறார்கள்.

ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மிகுபுனைவு விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி, இறந்து 10 நாள்களுக்குள் என்றால் 500 பொற்காசு பெறும் வைரத்தைச் செலவழித்து ஒருவரை எழுப்பிவிடலாம். சாவுக்கே விலைப்பட்டியல் போட்டாயிற்று. ஆயினும் அந்த விதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆன்மா திரும்பிவர விரும்ப வேண்டும், வருவதற்குத் தடையின்றியும் இருக்க வேண்டும். அதே விளையாட்டில் ஆடுவதற்கென 1979-இல் வெளிவந்த சாகசக் கதை ஒன்றில் அறிமுகமான பிளாக்ரேசர் என்னும் கரிய வாள், சரியாக அந்த இடத்தில்தான் கைவைக்கிறது. அது விழுங்கிய ஆன்மாவை 'விஷ்' என்னும் உச்ச மந்திரத்தைத் தவிர வேறெதுவும் மீட்காது. உடல் கிடக்கிறது, வைரம் இருக்கிறது, மந்திரவாதியும் பக்கத்தில் நிற்கிறார். கூப்பிட்டால் வருவதற்குத்தான் ஆளில்லை.

ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் எழுதி 1961 முதல் வெளிவந்த எல்ரிக் கதைகள் இதைவிடக் கொடியவை. பிறவியிலேயே நலிந்த உடல் கொண்ட எல்ரிக்குக்கு, ஸ்டார்ம்பிரிங்கர் என்னும் வாள் குடிக்கும் ஆன்மாக்களே தெம்பு. முதல் கதையிலேயே, அவன் மீட்கப்போன காதலி அவனுடைய வாளிலேயே குத்துண்டு மாய்கிறாள். வெறுத்துப்போய் அதைக் கடலில் வீசுகிறான். அது மூழ்காமல், தண்ணீரில் செங்குத்தாக நின்று அலறுகிறது. கடைசியில் அவனே நீந்திப்போய் அதைக் கையில் எடுக்கிறான். அவளைக் குடித்த வாளின் தயவில்தான் இனி அவன் வாழ வேண்டும். எந்த உயிர்த்தெழுதலும் இந்தக் காட்சிக்கு ஈடாகாது.

ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியை நாம் சிறுவயதிலிருந்தே அறிவோம். (கிளியின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை என்பது தனி வருத்தம்.) அங்கேகூட, பாதுகாப்புக்கென்று தேடிய இடமே அவனுக்குச் சாவாக முடிகிறது. இன்றைய கதைகள் பலவற்றிலோ வாள் வெறும் வங்கிப் பெட்டகம்; உடைத்தால் போதும், இறந்தவர்கள் அனைவரும் போனபடியே திரும்பிவிடுகிறார்கள்.

மிகுபுனைவு நாவலாசிரியர் ஸ்டீவன் எரிக்சன் படைத்த டிராக்னிபூர் என்னும் வாளால் கொல்லப்பட்டவர்கள், அதற்குள் இருக்கும் இருளில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, ஒரு மாபெரும் வண்டியை ஓய்வின்றி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நூற்றாண்டுக் கணக்கில் வண்டி இழுத்த ஒருவர் திரும்பிவந்தால், அவருக்குத் தம் வீட்டாரின் முகமாவது நினைவிருக்குமா என்பதற்கு எழுத்தாளர் ஒரு பக்கமேனும் ஒதுக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.