வுட்ஸ்டாக் மாளிகையை எரித்தது யார்?

அயர்லாந்தின் இனிஷ்டீக் கிராமத்தில், நோர் ஆற்றுக்கு மேலே நிற்கும் வுட்ஸ்டாக் மாளிகையை 1922-ல் பிரிட்டிஷ் படை கொளுத்தியதாக ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ஆண்டு சரி, ஆள்தான் தவறு.

குழப்பம் வந்த வழி புரிகிறது. 1920-ல் பிரிட்டிஷாரின் 'ஆக்ஸிலியரி' படைப்பிரிவு அங்கே முகாமிட்டிருந்தது. ஆனால் பிரிட்டனும் ஐரிஷ் தலைவர்களும் 1921 டிசம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். 1922 ஜூன் 28-ல், அந்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே டப்ளினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஜூலை தொடக்கத்திலேயே, ஒப்பந்தத்தை எதிர்த்த ஐரிஷ் குடியரசுவாதிகள் மாளிகைக்குத் தீ வைத்தனர். கூரையற்ற சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

கில்கென்னி கவுண்டி கவுன்சில்தான் இப்போது தோட்டத்தைப் பராமரிக்கிறது. அவர்களின் வரலாற்றுக் குறிப்பிலும், அயர்லாந்தின் தேசியக் கட்டடப் பாரம்பரியப் பட்டியலிலும் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.