அறுத்துக்கொண்டு போன கொடுவாவும் அடுத்த பருவமும்

மார்கழி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்த கலங்கல் இன்னும் முழுதாக வடியவில்லை என்பதால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் கழிமுகப் பக்கம் இப்போது தூண்டில் எடுத்துப் போவதில் பெரிய பயன் இல்லை. மழைவெள்ளம் முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக் கடலுக்கு வழி திறந்திருக்கிறது. நீர் தெளிந்து, உப்பு ஏறி, மடவை மீன் கூட்டம் உள்ளே வரத் தொடங்கும் தை மாதத்துக்காகத்தான் எங்களில் பலர் காத்திருக்கிறோம். இந்த இடைவெளியில் நண்பர்கள் அடுத்த பருவத்துக்கான தீர்மானங்களை எழுதி வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை புது ராடு, புது ரீல், இன்னும் நான்கு லூர் (மீன்போலச் செய்த போலி இரை) என்று வாங்கப்போகும் பொருள்களைப் பற்றியவை. நல்ல கருவி எனக்கும் பிடிக்கும். ஆனால் கடந்த மாசியில் நடந்த ஒன்றுக்குப் பிறகு, அடுத்த ஆண்டு நான் திருத்திக்கொள்ள வேண்டியவை எவையும் கடையில் கிடைப்பவை அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கடலின் ஏற்றம் முடிந்து நீர் கடலை நோக்கித் திரும்பிய அரைமணி நேரத்தில், கரையோரக் கருங்கற்களுக்குப் பக்கத்தில் ஒரு கொடுவா மீன் என் லூரை அடித்தது. அது நீரைவிட்டு எழும்பித் தலையை உதறியபோது அதன் முழு உடலையும் பார்த்தேன். அளவைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் 5 கிலோவுக்குக் குறைந்த மீன் அல்ல அது. இரண்டாவது முறை எழும்பியபோது தூண்டில் நரம்பு தளர்ந்து என் கைக்கு வெறுமையாகத் திரும்பிவந்தது. நுனியை எடுத்துப் பார்த்தேன். மீனின் செவுள் மூடி அறுத்திருந்தால் நரம்பு நேராக வெட்டுப்பட்டிருக்கும், கல்லில் உரசியிருந்தால் சொரசொரப்பாகத் தேய்ந்திருக்கும். என் கையில் இருந்த நுனியோ பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: முடிச்சு நழுவியிருக்கிறது. முந்தின இரவு தூக்கக் கலக்கத்தில் நான் போட்ட முடிச்சு அது. மும்முனை முள் இரண்டு தொங்கும் லூரை வாயில் சுமந்துகொண்டு அந்த மீன் போயிற்று.

மீன் தப்பியதில் எனக்கு வருத்தமில்லை, முள்ளில்லாமல் தப்பியிருந்தால் மகிழ்ச்சியே. என் அலட்சியம் அதன் வாயைப் பூட்டி அனுப்பியதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அது எத்தகைய மீன் என்று தெரிந்திருப்பதால் அந்த உறுத்தல் இன்னும் கூடுகிறது. கொடுவா பிறந்து முதலில் முதிர்வது ஆணாக. இரண்டு மூன்று கிலோ எடையில் ஆணாகவே இனப்பெருக்கத்தில் பங்குகொண்டு, மேலும் சில ஆண்டுகள் வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. ஆகவே நம் கழிமுகங்களில் காணும் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்மீன்கள், ஒவ்வொன்றும் பல லட்சம் முட்டைகளைச் சுமக்கக்கூடியவை. முட்டையிட அவை உப்பு மிகுந்த முகத்துவாரத்தைத் தேடிப் போகின்றன. குஞ்சுகள் உப்பங்கழிக்கும், வழி கிடைத்தால் நன்னீருக்கும் உள்ளேறி வளர்கின்றன. முட்டுக்காட்டில் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவை முதன்முறையாக நம் நாட்டில் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்தது. அதே உப்பங்கழியின் கரையில் நின்று தூண்டில் வீசும் நம்மில் எத்தனை பேருக்கு, பெரியது என்று பெருமையோடு தூக்கிப் படமெடுக்கும் மீன் ஒரு தாய் என்பது தெரியும்? எனக்கே அது தூண்டில் பிடிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இதனால் என் முதல் தீர்மானம் மிகச் சிறியது, சொல்லப்போனால் தொடக்கக்காரர் எடுக்க வேண்டியது. வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், ஒரே ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டும் போடத் தெரியும் வரை பழகப்போகிறேன். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு அந்த இடத்திலேயே வலுவிழக்கிறது. பத்துக் காசு செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய் ரீலைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை கல்லில் சிக்கி விடுபட்ட பிறகும், கடைசி முழ நீளத்தை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சிறிய சொரசொரப்பு தட்டினாலும் வெட்டிவிட்டு மீண்டும் கட்டுவேன். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பு இழுவைக்கு வலுவானதே தவிர உரசலைத் தாங்காது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்போ கத்திபோல இருக்கும். எனவே லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பான லீடரைச் சிக்கனம் பார்த்துக் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன். மெல்லிய லீடர் போட்டால் மீன் கடிப்பது கூடும் என்பார்கள். கூடலாம். அறுத்துக்கொண்டு போவதும் கூடும்.

இரண்டாவது, மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு லூர்களில் ஒற்றை முள் மாட்டுவது. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுவதும் இதோடு சேர்ந்தது. இப்படிச் செய்தால் மீன் அதிகம் தப்பும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நரம்பைத் தளரவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு அந்த இழப்பு பெரிதல்ல என்பது, சென்ற சில மாதங்களில் சிறிய பாரை மீன்களிலும் செப்பிலியிலும் முயன்று பார்த்த அளவில் என் எண்ணம். மாறாக, விடுவிக்கும்போது நொடியில் முள் கழன்று வருகிறது. ஒருவேளை நரம்பு அறுந்தாலும், நசுக்கிய ஒற்றை முள்ளை மீன் தானே உதறிவிட வாய்ப்பு மிக அதிகம். இதை மாசிக்கு முன்பே செய்திருந்தால் நான் இன்று இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மீனைக் கையாளும் முறையிலும் நாம் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. சூடான சிமெண்டுத் தரையில் மீனைக் கிடத்துவது, உலர்ந்த துணியால் பிடிப்பது, பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடுவது, இவை மூன்றையும் நானும் செய்திருக்கிறேன். மீனின் மேலுள்ள வழுவழுப்பு அதற்கு நோய்க்கிருமிகளிடமிருந்து காப்பு. அது உரிந்த மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நீரில் மிதந்து நின்று பழகிய உடலின் எடை முழுவதும் தாடையில் தொங்கும்போது எலும்பும் தசையும் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். இனிப் பெரிய மீனைக் கரைக்கு ஏற்றுவதில்லை. ரப்பர் பூசிய வலைக்குள் நீரிலேயே வைத்து, கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, படம் வேண்டுமானால் இரு கைகளாலும் கிடையாகத் தாங்கி, நான் மூச்சடக்கும் நேரத்துக்குள் திரும்ப விடுவேன். சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு உப்பங்கழி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது நீரில் கரைந்த உயிர்வளி குறைவு. அந்த நாட்களில் களைத்த மீன் மீள்வது கடினம் என்பதால் உச்சிவேளையில் தூண்டில் போடுவதையே நிறுத்துகிறேன்.

இதோடு இன்னொன்றும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய அந்தத் தடை 2017 முதல் 61 நாளாயிற்று. வயிற்றுப்பாட்டுக்காக மீன்பிடிக்கும் மக்கள் மீன் பெருகுவதற்காக இரண்டு மாதம் வருமானத்தை இழக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் நம்மைச் சட்டம் எதுவும் கேட்கவில்லை என்பதால் நாம் நமக்கே எதுவும் விதித்துக்கொள்ளாமல் இருப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. சமையலுக்கு ஒரு நடுத்தர மீன் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, நானும் எடுத்துக்கொள்வேன். ஆனால் 4 கிலோவைத் தாண்டிய கொடுவா எதுவும் இனி என் வீட்டுக்கு வராது.

நான் மிகவும் ஆர்வத்தோடு எதிர்நோக்கும் தீர்மானம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைப் பற்றியது. பல ஆண்டுகளுக்கு முன் வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நின்றிருந்த ஒரு பெரியவர், மூன்று மணி நேரமாக ஒரே இடத்தில் வீசிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி நிக்கும்போது மீனும் நிக்கும். தண்ணி ஓட ஆரம்பிச்சாத்தான் அது சாப்பிட வரும்" என்றார். அப்போது அதை ஒரு பழமொழி போலக் கேட்டுவைத்தேனே தவிர, அதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் புரிந்துகொள்ள முயலவில்லை. நம் கரையில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை வருகின்றன. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வலுவாகவும் அட்டமியை ஒட்டிச் சோம்பலாகவும் இருக்கின்றன. சென்னைப் பக்கம் வலுவான நாளில்கூட நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் குறுகலான முகத்துவாரத்தின் வழியாக அந்த ஒரு மீட்டர் நீர் போய்வரும்போது கல்லின் பின்னும் தூணின் பின்னும் சுழிப்பு உண்டாகிறது. கொடுவா அந்தச் சுழிப்பில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, அடித்துக்கொண்டு வரும் இறாலையும் மடவைக் குஞ்சையும் மடக்குகிறது. இது எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்ததே. என் கரையில், என் கற்களருகே, கடலின் ஏற்றம் உள்ளே வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, முகத்துவாரம் பாதி அடைந்த மாதத்தில் அது எப்படி மாறுகிறது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. நான்தான் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். திதி, நீர் திரும்பிய நேரம், காற்று வடக்கிலிருந்து வரும் வாடையா மேற்கிலிருந்து வரும் கச்சானா, நீரின் நிறம், மடவை துள்ளிய இடம், மீனே கிடைக்காத நாள் உட்பட எல்லாவற்றையும் குறித்துவைக்கப் போகிறேன்.

வெறும் கையோடு திரும்பிய நாளையும் எழுதுவதில் எனக்கு இத்தனை பிடிவாதம் வரக் காரணம் காவிரி. கர்நாடகப் பகுதிக் காவிரியில் கலிபோரே தூண்டில் முகாமில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனைத் தூண்டிலில் பிடித்து அளந்து திரும்ப விட்டவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் தூண்டிலில் சிக்கிய மீன்கள் குறையவில்லை. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிப்போய், வெளியிலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. உலகின் மிகப்பெரிய மஹ்சீர்களில் ஒன்றான அந்தத் திமில் மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களை ஆராய்ந்து 2018-இல்தான் அது டோர் ரெமாதேவி என்று தெளிவாயிற்று. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. தூண்டில்காரர்கள் சோம்பேறித்தனம் பாராமல் எழுதிய பக்கங்கள் இல்லாதிருந்தால், அது மறைந்துகொண்டிருந்த வேகத்தைக் காட்ட எதுவும் இருந்திருக்காது. கொடுவாவுக்கோ செப்பிலிக்கோ அப்படி ஒரு நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்தால் காட்ட நம்மிடம் எதுவும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கரையில் நாம் தனியாக இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். பழவேற்காட்டில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த நீரில் வலை வைப்பது என்பதற்குப் பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. உப்பங்கழிகளில் இருளர் மக்கள் பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் கைவைக்கும் சேற்றில்தான் நாம் அறுத்துவிட்ட முள்ளும் நரம்பும் கிடக்கின்றன. சென்ற ஆண்டு அலையாத்தி வேரில் சிக்கிய தங்கூசியில் சிறகு மாட்டிக்கொண்ட ஒரு நீர்க்காகத்தை அறுத்து விடுவித்தோம். அது யாருடைய நரம்போ, என்னுடையதாகவும் இருக்கலாம். இனி என் பையில் நரம்புத் துண்டுகளுக்கென்று மூடிபோட்ட டப்பா ஒன்று இருக்கும், பிறர் விட்டதும் அதில் சேரும். பாடு நடக்கும் நீரில் கேட்காமல் தூண்டில் வீசுவதில்லை.

தை அமாவாசையன்று ஏற்றம் வலுவாக இருக்கும். அன்று தூண்டில்கோல் இல்லாமல் போய், நீர் திரும்புவது முதல் முழுதாக வற்றுவது வரை கருங்கற்களின் மேல் உட்கார்ந்து நோட்டின் முதல் பக்கத்தை எழுதப்போகிறேன். முட்டுக்காட்டிலோ பாலாற்று முகத்துவாரத்திலோ பிச்சாவரத்திலோ இப்படிக் குறிப்பு எழுதி வைத்திருப்பவர்கள் இருந்தால், கடலில் ஏற்றம் உச்சமாகி எத்தனை மணி நேரம் கழித்து உங்கள் இடத்தில் நீர் திரும்புகிறது என்பதை மட்டுமாவது கீழே எழுதுங்கள். மீன் கிடைக்கும் இடத்தை யாரும் சொல்ல வேண்டாம்.