ஸ்மோக்ட் மீற் தின்ன வாறவைக்கு: கடையைத் தேடாதேங்கோ, கத்தியைத் தேடுங்கோ

கோடை தொடங்கினால் ரொறன்ரோவிலிருந்து ஆராவது ஒருவர் போன் எடுத்துக் கேட்பார்: "மச்சான், மொன்றியலிலை திறமான ஸ்மோக்ட் மீற் எந்தக் கடையிலை?" முப்பது வருசத்துக்கு மேலாக இந்த நகரத்தில் இருக்கிறேன், நான் தின்னாத கடை குறைவு. ஆனாலும் ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனம் வராது. நான் திருப்பிக் கேட்கிறது ஒன்றைத்தான்: "கொழுப்போடை தின்னுவியா?"

கேட்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஸ்மோக்ட் மீற் என்பது மாட்டின் நெஞ்சுப்பகுதி. உப்பு, மிளகு, கொத்தமல்லி, உள்ளி, கடுகு எல்லாம் முழுத்துண்டில் பூசிப் பத்து நாள் மட்டில் ஊறவிடுவார்கள். பிறகு புகையறை. அதுக்குப் பிறகு ஆவியில் மூன்று மணித்தியாலம் அளவில். நியூயோர்க்கின் பஸ்ராமியை இதுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். ஆனால் அது பெரும்பாலும் வயிற்றுப்பக்கத்து இறைச்சி, உப்புத்தண்ணியில் ஊறுவது, சீனியும் கூட. எங்கட ஊர்ச் சாமானில் (ஓம், மொன்றியலும் இப்ப எங்கட ஊர்தான்) சீனி குறைவு, மிளகும் மல்லியும் தூக்கலாக நிற்கும். முதல்முதல் நான் கடித்தபோது தடிமனுக்கு அம்மா வைக்கிற இரசம்தான் நினைவுக்கு வந்தது. அதே மல்லி, அதே மிளகு, அதே உள்ளி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதச் சனம் கொண்டுவந்த சாப்பாட்டில், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் குசினி மணத்தது.

அந்த நெஞ்சுத்துண்டுக்கு இரண்டு பக்கம். ஒரு நுனி தட்டை, அதில் கொழுப்பு குறைவு. மற்ற நுனி தடிப்பு, கொழுப்பு நரம்பு நரம்பாய் உள்ளே ஓடும். கவுன்டரில் "லீன்" என்று கேட்டால் தட்டைப் பக்கத்தை வெட்டித் தருவார்கள். எங்கட ஆக்களில் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு "காய்ஞ்சு கிடக்கு, இதுக்கே இவ்வளவு கியூ" என்று கடையைக் குறை சொல்கிறார்கள். எனக்கு இதைக் கேட்க உண்மையிலேயே கவலையாக இருக்கும். பத்து நாள் ஊறினதின் ருசியைச் சுமக்கிறது அந்தக் கொழுப்புத்தானே. "மீடியம்" கேளுங்கோ. துணிஞ்சவர்கள் "மீடியம் ஃபாற்" கேளுங்கோ. வருசத்தில் ஒருநாள் தின்னப்போகிற சாப்பாட்டில் நோயைப் பற்றி யோசிக்கிறதென்றால், அண்டைக்கு வேறு ஏதாவது தின்னலாம்.

மற்றது கத்தி. இதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு போர்த்துக்கீசக் கிழவர். 1992 குளிர்காலம், வந்த புதுசு, ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவுகிற தொட்டிக்கும் அவர் வெட்டுகிற பலகைக்கும் ஆறடி இடைவெளி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒரே இறைச்சியில் இரண்டு துண்டு வெட்டித் தந்தார். ஒன்று நார் ஓடுகிற திசையில் வெட்டினது. அது வாயில் சவ்வு மாதிரி இழுபட்டது. மற்றது நாருக்குக் குறுக்கே, அது நாக்கிலேயே உதிர்ந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பித் தன் வேலையைப் பார்த்தார்.

ஆவியிலிருந்து சுடச்சுட வாற இறைச்சியை மெஷினில் மெல்லிசாய் வெட்ட ஏலாது. பூவாய் உதிர்ந்துபோகும். மெஷினில் வெட்டவேண்டுமென்றால் முதலில் ஆறவைக்க வேணும். பிறகு திரும்பச் சூடாக்க வேணும், அந்தச் சூட்டில் சாறு வெளியேறிப் போய்விடும். போன வருசம் டவுன்ரவுனில் ஒரு கடையில் மகளோடு போய் இருந்தேன். வந்த சான்ட்விச்சில் எல்லாத் துண்டும் ஒரே தடிப்பு, ஒரே அளவு, கடதாசி அடுக்கினது போல. ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. மகள் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். அதுதான் அவள் தின்ற முதலாவது ஸ்மோக்ட் மீற் என்று நினைக்கத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையே அவளை ஷ்வார்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்ப ஷ்வார்ட்ஸ்தானா என்று கேட்டால், ஓம். ஊர்ச்சனம் "மெயின்" என்று சொல்லுகிற சென் லோரன் தெருவில், ரோமேனியாவிலிருந்து வந்த ஒரு யூதர் 1928இல் திறந்த கடை. 2012இல் கைமாறினது. வாங்கின கூட்டில் பாடகி செலின் டியோனும் கணவரும் இருந்தார்கள், இனிக் கெட்டுப்போகும் என்று கன பேர் பயந்தார்கள், நானும் பயந்தேன். கெடவில்லை. இன்றைக்கும் கையால்தான் வெட்டுகிறார்கள். தெரியாத ஆட்களோடு தோள் முட்ட இருந்துதான் தின்ன வேணும். றை பாண், மஞ்சள் கடுகு, இறைச்சி, இவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ஊறுகாய் வெள்ளரியும் கறுப்புச் செரி சோடாவும் எடுங்கோ. மயோனைஸ் கேளாதேங்கோ.

கியூவில் நிற்க ஏலாதவர்கள், சின்னப்பிள்ளை, வயசான ஆக்களோடு வாறவர்கள், டெக்கரி வீதியில் 1946இலிருந்து இருக்கிற ஸ்னோடன் டெலிக்குப் போங்கோ. ஆறுதலாய் இருந்து தின்னலாம். கோட் டெ நேஜ் பகுதியில் இருக்கிற எங்கட சனத்துக்குக் கிட்டவும். பெர்னார் தெருவில் லெஸ்டர்ஸும் நல்லது. 1951இல் தொடங்கினது.

வில்லென்ஸ்கி வேறு கதை. 1932இல் தொடங்கின கடை, ஃபெயார்மவுண்ட் தெருவில் இருக்கு. அங்கே ஸ்மோக்ட் மீற் தேடிப் போகாதேங்கோ. அவர்களின் "ஸ்பெஷல்" மாட்டு சலாமியும் போலோனியும் (இரண்டும் சொசேஜ் வகை) வைத்து அழுத்திச் சுட்ட பாண். கடுகு கட்டாயம். இரண்டாய் வெட்டித் தரமாட்டார்கள். இந்த முரட்டுப்பிடிவாதம் எனக்குச் சரியான விருப்பம். மாட்டிறைச்சி தின்னாத ஆக்கள் கூட வந்தால் அவர்களுக்கும் அந்தத் தெருவிலேயே சுடச்சுட பேகல் என்கிற வளையப் பாண் இருக்கு.

பென்ஸ் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. 1908இல் தொடங்கி, நடுநகரில் பின்னிரவு வரைக்கும் திறந்திருந்த கடை. இரவு வேலை முடிந்து குளிருக்குள் நடந்து போய், ஒரு கோப்பை சூப்பும் அரைச் சான்ட்விச்சுமாக நாங்கள் மூன்று பேர் பகிர்ந்திருக்கிறோம். 2006இல் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தது. அந்த மார்கழியில் கடையை மூடிவிட்டார்கள். இரண்டு வருசத்தில் கட்டடத்தையும் இடித்தார்கள். பத்திரிகைகளில் சுவரில் இருந்த பிரபலங்களின் படங்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே வெட்டின கைகள் பிறகு எந்தக் கடைக்குப் போயின என்று எழுதின ஒருவரையும் நான் காணவில்லை.

அதனாலே வாறவர்களுக்குச் சொல்கிறேன். மேசை கிடைத்தாலும் விட்டுவிட்டுக் கவுன்டரில் இருங்கோ. வெட்டுகிறவர் ஆவிப்பெட்டியைத் திறந்து, துண்டை முள்ளுக்கரண்டியால் பிடித்து, நார் எந்தப்பக்கம் ஓடுது என்று பார்த்துத் திருப்பி வைக்கிறாரா என்று கவனியுங்கோ. அப்படித் திருப்பினால் "மீடியம்" என்று சொல்லுங்கோ. போகேக்கை டிப்ஸில் கை சுருக்காதேங்கோ.